அத்தியாயம் 7: பாரிஸிலிருந்து வரும் பெட்டியும் சென்னைச் சுங்கமும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், 1836-ஆம் ஆண்டில் முதன்முதலாக விளக்கேற்றப்பெற்ற பழைய கலங்கரை விளக்கத்தைக் கடந்து மாலையில் நடப்பவர்கள், கடலைப் பார்த்தபடி நிற்கும் சுங்க அலுவலகக் கட்டடத்தையும் பார்த்திருப்பார்கள். பாரிஸிலிருந்தோ ரெயூனியோன் தீவிலிருந்தோ உறவினர் அனுப்பிய கேமராப் பெட்டி ஒன்று சுங்கத்தில் நின்றுவிட்டதென்று செய்தி வந்தவுடன், நம்மூர்க்காரர் பலர் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதலில் செல்வது அந்தக் கட்டடத்துக்குத்தான். அவர்களுடைய பெட்டியோ அவ்வேளையில் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர் வடக்கே, சென்னையில், விமானச் சரக்குக் கிடங்கிலோ வெளிநாட்டு அஞ்சலகத்திலோ, உரிய காகிதத்தை எதிர்பார்த்துக் காத்துக்கொண்டிருக்கும். லாஸ்பேட்டை விமான நிலையத்தில் அயல்நாட்டு விமானம் இறங்குவதில்லை. ஆகையால் விமானத்தில் கையோடு கொண்டுவரும் பொருளானாலும், கூரியரில் வருவதானாலும், கப்பல் ஏறி வருவதானாலும், புதுச்சேரி வாசியின் சுங்க விவகாரம் பெரும்பாலும் சென்னையிலேயே தொடங்கிச் சென்னையிலேயே முடிகிறது. இந்த ஒரு விஷயத்தை முதலில் அறிந்துகொண்டாலே ஒருநாள் அலைச்சல் மிச்சமாகும்.

நம் ஊருக்குச் சுங்கம் புதிய சங்கதியன்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு, கப்பல் வந்த செய்தியும் சரக்கு இறங்கிய செய்தியும் இவ்வூர் வாழ்வில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருந்தன என்பது தெரியும். பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே 1941-இல் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949-இல் முடிவுக்கு வந்தபோது, புதுச்சேரி தனிச்சுங்க எல்லையாகி, வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் பேனாவும் இங்கே மலிவாகக் கிடைக்க, தென்னார்க்காட்டு எல்லைச் சாவடிகளில் வண்டியையும் மூட்டையையும் இறக்கிச் சோதிக்கும் காலம் ஒன்று வந்தது. வில்லியனூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் துண்டுதுண்டாகக் கிடந்த பிரெஞ்சு நிலங்களுக்கும் இந்திய நிலங்களுக்கும் இடையே அந்தச் சாவடிகளைத் தாண்டித் தாண்டித்தான் மக்கள் போய்வந்தார்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியதோடு அவ்வெல்லைகள் மறைந்தன. ஆயினும், ‘பாண்டிச்சேரிக்காரருக்குச் சுங்கத்தில் ஏதோ தனிச் சலுகை உண்டு’ என்ற எண்ணம் மட்டும் சில முதியவர்களிடம் இன்னும் எஞ்சியிருக்கிறது. அப்படி எந்தச் சலுகையும் இல்லை. சென்னைக்காரருக்கு எந்தச் சட்டமோ, அதே 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம்தான் நமக்கும்.

இந்த அத்தியாயம் முழுவதும் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: மின்னணுப் பொருளைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் வேலை சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை; பாரிஸில் கடைக்காரர் ரசீது எழுதும் மேசையிலேயே அது தொடங்கிவிடுகிறது. பொருள் புறப்படுமுன் அதன் காகிதம் ஒழுங்காக அமைந்துவிட்டால் அதிகாரிக்கும் வேலை சுலபம், நமக்கும் செலவு திட்டம். காகிதத்தைப் பின்னால் தேடிக்கொள்ளலாம் என்று பொருளை முன்னால் அனுப்பியவர்களே பெரும்பாலும் அபராதத்தையும் கிடங்கு வாடகையையும் கொடுத்துத் தவிப்பவர்கள்.

முதலில், பிரயாணி தம்முடன் கொண்டுவரும் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர்க்குடும்பங்களில் மிகுதியாக நடப்பது இதுவே.

2016-ஆம் ஆண்டுப் பயணப் பொதி விதிகளின் பிரகாரம், இந்தியாவில் வசிப்பவரும், இந்திய வம்சாவளியினராகிய சுற்றுப்பயணியும், விமானத்தில் வரும்போது தாம் உபயோகித்துவரும் சொந்த உடைமைகளுக்கு மேற்பட்டு 50,000 ரூபாய் மதிப்புள்ள பொருள்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்று வரம்பு கட்டப்பட்டது. அயல்நாட்டு வம்சத்துச் சுற்றுப்பயணிக்கோ அவ்வரம்பு 15,000 ரூபாயாகவே இருந்தது. இங்கேதான் புதுச்சேரிக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. நம்மவர்களில் எத்தனையோ பேர், சொல்தாவாகப் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த பாட்டனார் வழியிலோ, 1962-ஆம் ஆண்டுச் சட்டப்பூர்வ இணைப்பின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தந்தையார் வழியிலோ, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துத் தம்மை அயல்நாட்டாராகவே கருதி, குறைந்த வரம்பைத் தாமே ஏற்றுக்கொள்பவர்களை நான் அறிவேன். விதி கேட்பது குடியுரிமையை அன்று, வம்சாவளியை. ஓ.சி.ஐ. அட்டை கையில் இருக்குமானால் வம்சாவளிக்கு வேறு அத்தாட்சி தேட வேண்டிய அவசியம் அநேகமாக நேராது. அதைப் பெட்டிக்குள் புதைத்து வைக்காமல் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரம்புத் தொகை நிலையானதன்று. 2014-இல் 45,000 ஆக இருந்தது 2016-இல் 50,000 ஆயிற்று. அரசின் வரவுசெலவுத் திட்டம் வெளியாகும் பிப்ரவரி மாதத்தை ஒட்டி இத்தகைய எண்கள் மாறுவது வழக்கம். ஆகவே இங்கே நான் காட்டும் கணக்குகளின் முறையை மனத்தில் இருத்திக்கொண்டு, டிக்கெட் எடுக்கும் வாரத்தில் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தளத்தில் அன்றைய எண்ணைப் பார்த்து அதனிடத்தில் பொருத்திக்கொள்வதே விவேகம். பொருளை வாங்கிய நாளின் விகிதமோ, விமானம் ஏறிய நாளின் விகிதமோ செல்லாது. சுங்கத்தில் நீங்கள் பொருளை அறிவிக்கும் நாளின் விகிதமே செல்லும்.

வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு, 2018-இல் சமூக நலக் கூடுதல் வரி வந்தபின், அடிப்படைத் தீர்வை 35 சதவீதமும் அத்தீர்வையின் மேல் பத்தில் ஒரு பங்கும் சேர்ந்து 38.5 சதவீதம் விதிக்கப்பட்டுவந்தது. ஒருவர் 90,000 ரூபாய்க் கைப்பேசி ஒன்றைப் புதிதாக வாங்கி வருகிறார் என்று கொள்வோம். 50,000 போக எஞ்சிய 40,000-க்கு 38.5 சதவீதம், அதாவது 15,400 ரூபாய் தீர்வை. ‘நானும் என் மனைவியும் சேர்ந்து வருகிறோமே, இருவர் வரம்பையும் கூட்டினால் ஒரு லட்சம் ஆகிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ஒருவருடைய வரம்பை மற்றவருடைய வரம்போடு சேர்த்துக்கொள்ள விதி இடம்தரவில்லை. நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருள் இரண்டு இருந்தால் கணவர் ஒன்றும் மனைவி ஒன்றுமாகக் கொண்டுவரலாம். தொண்ணூறாயிரம் ரூபாய்ப் பொருளை இரண்டாக உடைக்க முடியாதல்லவா?

மடிக்கணினிக்கு நல்ல விதி ஒன்று இருக்கிறது: பதினெட்டு வயது நிரம்பிய பிரயாணி ஒவ்வொருவரும் ஒரு மடிக்கணினியை, மேற்சொன்ன வரம்பில் கணக்கிடப்படாமல், தீர்வையின்றிக் கொண்டுவரலாம். தொலைக்காட்சிப் பெட்டிக்கோ நேர்மாறான விதி. 2013 ஆகஸ்டு 26 முதல் தட்டைத் திரைத் தொலைக்காட்சிக்கு இலவச வரம்பு முற்றிலும் நீக்கப்பட்டது. அதற்கு முன்பு சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்து வந்த விமானங்களில் ஆளுக்கொரு பெட்டியாக இறங்கிய காட்சியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இன்று 60,000 ரூபாய்த் தொலைக்காட்சி கொண்டுவந்தால், வேறு எந்தப் பொருளும் கொண்டுவராவிட்டாலும்கூட, முழுத் தொகைக்கும் தீர்வை உண்டு. மேற்கண்ட விகிதப்படி 23,100 ரூபாய். புதுச்சேரியின் நேரு வீதிக் கடையில் உத்தரவாதத்தோடு கிடைக்கும் விலையை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் அபிப்பிராயத்தில், தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு வருவது இனி எவருக்கும் லாபமில்லை.

மதிப்பு எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது? உங்கள் கையில் ரசீது இருந்தால் அதுவே முதல் சாட்சி. இல்லாவிட்டால் அதிகாரி இணையத்தில் அதே மாதிரியின் விலையைப் பார்த்துத் தீர்மானிப்பார், அது பெரும்பாலும் நீங்கள் தள்ளுபடியில் வாங்கிய விலையைவிட அதிகமாகவே இருக்கும். யூரோவை ரூபாயாக்குவதும் வாரியம் அறிவிக்கும் மாற்று விகிதப்படிதானேயன்றி, உங்கள் வங்கி கொடுத்த விகிதப்படி அன்று. பிரான்ஸில் வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே கடை விலையில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் அந்த வரியைத் திரும்பப் பெறுவதற்கு ‘தெத்தாக்ஸ்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. கடையிலேயே அதற்கான படிவத்தைப் பாஸ்போர்ட் காட்டிப் பெற்று, விமான நிலையத்தில் அதற்கென வைத்திருக்கும் ‘பப்லோ’ இயந்திரத்தில் முத்திரையிட்டுக்கொள்ள வேண்டும். அங்கேயே குடியிருக்கும் மருமகன் தம் பெயரில் வாங்கிக் கொடுத்தால் அச்சலுகை கிடையாது. புதுச்சேரியிலிருந்து போன மாமனார் தம் பெயரில் வாங்கினால் கிடைக்கும். குடும்பத்துக்குள் யார் பெயரில் ரசீது என்பதை ஒரு நிமிஷம் யோசித்துத் தீர்மானிப்பதால் ஐந்நூறு யூரோ மிச்சமான குடும்பங்கள் உண்டு.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் இரண்டு வழிகள் இருக்கும். தீர்வைக்குரிய பொருள் இல்லாதவர் பச்சை வழியாகவும், உள்ளவர் சிவப்பு வழியாகவும் செல்ல வேண்டும். வரம்புக்கு மேல் வைத்துக்கொண்டு பச்சை வழியில் நடப்பது, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்ற சாதாரண மறதியாகச் சட்டத்தில் கருதப்படுவதில்லை. பச்சை வழியில் காலெடுத்து வைத்ததே ‘என்னிடம் ஒன்றுமில்லை’ என்ற அறிவிப்பாகக் கொள்ளப்பட்டு, பொருள் பறிமுதலுக்கு உட்பட்டு, மகசர் எழுதப்பட்டு, தீர்வைக்கு மேல் மீட்புத் தொகையும் தண்டமும் சேரும். சிவப்பு வழியில் சென்றவர் கட்டுவதோ வெறும் தீர்வை மாத்திரம். பதினைந்தாயிரம் கட்டிவிட்டு நிமிர்ந்து வெளியே வருவதற்கும், அதன் பல மடங்கு கட்டிவிட்டுக் குனிந்து வருவதற்கும் உள்ள தூரம், அந்த இரண்டு வழிகளுக்கு இடையே உள்ள சில அடிகள்தான். கட்டியபின் ரசீது பெறாமல் நகராதீர்கள். தீர்வை செலுத்த மனமில்லை அல்லது பணமில்லை என்றால், திரும்பிச் செல்லும்போது பெற்றுக்கொள்வதாகச் சொல்லி, உண்மையாக அறிவித்த பொருளை ரசீதின் பேரில் சுங்கத்தில் வைத்துவிட்டு வரவும் சட்டம் அனுமதிக்கிறது. குறுகிய விடுமுறைக்கு வருபவர்களுக்கு இது நல்ல வழி.

இங்கிருந்து விலையுயர்ந்த கேமராவையோ கணினியையோ எடுத்துக்கொண்டு வெளிநாடு செல்பவர், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் அதைக் காட்டி, வரிசை எண் குறித்த ஏற்றுமதிச் சான்று ஒன்று பெற்றுக்கொண்டால், திரும்பி வரும்போது ‘இது இங்கே வாங்கியதுதான்’ என்று வாதாட வேண்டிய சங்கடம் இராது. திருமணங்களைப் படம் பிடிக்க ரெயூனியோனுக்கும் பாரிஸுக்கும் போய்வரும் நம்மூர்ப் புகைப்படக்காரர்கள் இதை ஒருபோதும் மறக்கலாகாது. மின்கல வங்கி எனப்படும் பவர்பேங்கைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சுங்க விதியன்று, விமானப் பாதுகாப்பு விதி. ஆனாலும் பெட்டி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாவதால் இங்கே சொல்லிவைத்தேன்.

விமான நிலையத்தில் அறிமுகமில்லாத ஒருவர் வந்து, ‘அண்ணே, இந்த இரண்டு போனை மட்டும் சென்னை வரைக்கும் வெச்சுக்குங்க, வெளியில என் தம்பி வாங்கிக்குவான்’ என்று பணிவாகக் கேட்பார். இப்படிப் பிறர் சரக்கைச் சுமப்பவர்களைக் ‘குருவி’ என்று வழங்குவது நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததே. உங்கள் கையில் இருக்கும் பொருளுக்கு நீங்களே பொறுப்பு. கேட்டவர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தயவு தாட்சணியம் பார்க்காமல் மறுத்துவிடுங்கள்.

பிரான்ஸில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு, குடியிருப்பு மாற்றச் சலுகை என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. 2016 விதிகளின்படி, திரும்புவதற்கு முன் குறைந்தது இரண்டாண்டுகள் வெளிநாட்டில் வசித்தவர், 5,00,000 ரூபாய் வரை வீட்டுச் சாமான்களைக் கொண்டுவரலாம் என்று வரம்பு கட்டப்பட்டது. ஆனால் அந்த இரண்டாண்டுக் காலத்தில் இந்தியாவுக்கு வந்துபோன நாள்கள் மொத்தம் ஆறு மாதத்துக்கு மேற்படக்கூடாது. பொங்கலுக்கு ஒரு மாதம், மாசி மகத்துக்கு ஒரு மாதம், பேத்தி கல்யாணத்துக்கு மூன்று மாதம் என்று வந்துபோனவர்கள், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை எடுத்துவைத்து நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே கப்பல் பெட்டியைப் பூட்ட வேண்டும். கப்பலில் தனியே வரும் பொதி, உரிமையாளர் வருவதற்கு இரண்டு மாதம் முன்னதாக இறங்கலாம். பின்னதாக அனுப்புவதானால் அவர் வந்த ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து அனுப்பப்பட்டிருக்க வேண்டும். சாதாரணப் பிரயாணிக்குரிய இலவச வரம்பு இவ்வாறு தனியே வரும் பொதிக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்கவும்.

இனி, பார்சல்.

என் தமக்கை மகன் பாரிஸ் புறநகரில் இருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன், தான் உபயோகித்த புகைப்பட லென்ஸ் ஒன்றை எனக்கு ஆசையாக அனுப்பினான். மாமாவுக்குச் செலவு வைக்கக்கூடாது என்ற அன்பினால், பெட்டியின்மேல் ஒட்டும் சுங்கச் சீட்டில் ‘பழைய சாமான், அன்பளிப்பு, 15 யூரோ’ என்று எழுதிவிட்டான். எட்டாம் நாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பொருள் யாது, மாதிரி எண் என்ன, வாங்கிய விலைக்கு ஆதாரம் எங்கே, பெறுநரின் அடையாள ஆவணம் எங்கே என்று நான்கு கேள்விகள். அவன் நான்காண்டுகளுக்கு முந்திய கடை ரசீதைத் தேடி எடுத்து, வங்கிக் கணக்கில் அத்தொகை கழிந்த பக்கத்தைப் படியெடுத்து, லென்ஸின் உலோக வளையத்தில் பொறித்திருந்த வரிசை எண்ணை நான் கேட்க, அது பெட்டிக்குள் சென்னையில் இருக்கிறதே என்று விழித்து, கடைசியில் பழைய புகைப்படம் ஒன்றில் பெரிதாக்கிப் படித்துச் சொன்னான். பத்தொன்பது நாள் கழித்துப் பொருள் வீடு வந்து சேர்ந்தது. கட்டிய தீர்வையோடு கிடங்கு வாடகையும் சேர்ந்திருந்தது. சீட்டில் உண்மையான விவரத்தை எழுதி, ரசீதை வெளியுறையில் செருகியிருந்தால் வாடகையும் இல்லை, கடிதமும் இல்லை. குற்றம் எங்கள் வீட்டு அன்பினுடையது.

‘அன்பளிப்பு’ என்ற சொல்லை நம்பாதீர்கள். முன்பு 5,000 ரூபாய் வரை அன்பளிப்புப் பார்சலுக்குத் தீர்வை விலக்கு இருந்தது. அதை இணைய வணிகர்கள் சரக்கு விற்க உபயோகித்துக்கொண்டமையால், 2019 டிசம்பர் 12-ஆம் தேதிய அறிவிப்பின் மூலம், உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் தவிர மற்ற எதற்கும் அஞ்சல், கூரியர் வழியில் அன்பளிப்புச் சலுகை கிடையாதென்றாயிற்று. முழுத் தீர்வை செலுத்தினால் அன்பளிப்பும் வரலாம், அவ்வளவே. ஆகவே சீட்டில் எழுத வேண்டியது உறவின் தன்மையை அன்று, பொருளின் தன்மையை. ‘உபயோகித்த புகைப்பட லென்ஸ், ஒன்று, இன்ன நிறுவனம், இன்ன மாதிரி, இன்ன வரிசை எண், வாங்கிய ஆண்டு, இன்றைய மதிப்பு’ என்று ஆங்கிலத்திலோ பிரெஞ்சோடு சேர்த்து ஆங்கிலத்திலோ எழுதச் சொல்லுங்கள். அஞ்சலில் அனுப்பினால் சிறு மதிப்புக்கு சி.என். 22 என்ற சீட்டும், அதற்கு மேற்பட்டால் சி.என். 23 என்ற படிவமும் உண்டு. படிவத்தை வீட்டிலேயே நிதானமாக நிரப்பிக்கொண்டு அஞ்சலகம் செல்வது நல்லது, வரிசையில் நின்றுகொண்டு அவசரமாக எழுதும்போதுதான் ‘சாமான்’ என்ற ஒற்றைச் சொல் பேனாவிலிருந்து விழுகிறது.

தனிநபர் உபயோகத்துக்காக அஞ்சலிலும் விமானத்திலும் வரும் பொருள்கள், சுங்க அட்டவணையில் 9804 என்ற ஒரே தலைப்பில் வைத்து மதிப்பிடப்படுகின்றன. வியாபாரச் சரக்கோ அதனதன் தலைப்பில். அதனால்தான் வியாபாரி இறக்கும் கணினிக்கு ஒரு தீர்வையும், நீங்கள் தருவிக்கும் கணினிக்கு வேறு தீர்வையுமாக அமைந்து ஆச்சரியமூட்டுகிறது. 9804-இன் விகிதம் அண்மை ஆண்டுகளில் பன்முறை மாறியதால், நான் கணக்கு முறையை மட்டும் காட்டுகிறேன். அடிப்படைத் தீர்வை 10 சதவீதமும், ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி 18 சதவீதமும் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பொருள் விலை, அனுப்பும் கூலி, காப்பீடு மூன்றும் சேர்ந்து 20,000 ரூபாய். பலர் பத்தையும் பதினெட்டையும் கூட்டி 5,600 ரூபாய் என்று எதிர்பார்ப்பார்கள். உண்மையில் அடிப்படைத் தீர்வை 2,000. அதன்மேல் கூடுதல் வரி 200. இவற்றையும் சேர்த்த 22,200-க்கு 18 சதவீதம் 3,996. ஆக 6,196 ரூபாய். வரியின் மேல் வரி ஏறுவதையும், அனுப்பும் கூலிக்கும் வரி உண்டென்பதையும் அறிந்தவர், தீர்வைச் சீட்டைக் கண்டு திடுக்கிடமாட்டார். கூரியர் நிறுவனம் தன் கட்டணத்தைத் தனியே சேர்க்கும். அச்சீட்டில் அரசுக்குப் போவது எது, நிறுவனத்துக்குப் போவது எது என்று பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

சொந்த உபயோகத்துக்கு ஒரு பொருள் தருவிப்பவருக்கு இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் தேவையில்லை. 2023 ஆகஸ்டில் மடிக்கணினி, டேப்லட் முதலியவற்றின் இறக்குமதிக்கு அனுமதி வேண்டுமென்று கட்டுப்பாடு வந்தபோதும், அஞ்சல் கூரியர் வழியாகத் தருவிக்கும் ஒற்றைக் கருவிக்கு, தீர்வை செலுத்தும் நிபந்தனையோடு, விலக்கு அளிக்கப்பட்டது. சில பொருள்களை மட்டும் எவ்வழியாலும் தருவிக்க நினைக்காதீர்கள். மின்சிகரெட்டு 2019 முதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. முழு வடிவில் வரும் ட்ரோன், ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் தவிர, 2022 பிப்ரவரி 9 முதல் தடையில் இருக்கிறது. பாரிஸ் பேரன் பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த விளையாட்டுக் கருவிதானே என்ற சமாதானம் எடுபடாது. அனுமதியற்ற செயற்கைக்கோள் தொலைபேசியோ பொருளை இழப்பதோடு நில்லாமல் காவல் நிலையம் வரை கொண்டுபோய்விடும். பாய்மரப் படகில் நம் கரைக்கு வரும் வெள்ளைக்கார நண்பர்கள் உள்ளவர்கள் அவர்களுக்கு முன்கூட்டியே இதை எழுதிவிடுவது பேருபகாரம்.

பழுதுபார்க்க வெளிநாடு அனுப்பித் திரும்பும் கருவிக்கு, உரிய ஆவணங்களோடு அனுப்பியிருந்தால், முழு மதிப்புக்கன்றி, பழுதுபார்த்த செலவுக்கும் இருவழிக் கூலி, காப்பீட்டுக்கும் மாத்திரமே தீர்வை. அனுப்பும்போது வரிசை எண்ணைப் பதிவு செய்யாதவர் இச்சலுகையை இழப்பார். உத்தரவாதத்தின் கீழ் இலவசமாக மாற்றிக் கொடுத்த கருவியானாலும் ‘மதிப்பு பூஜ்யம்’ என்ற ரசீதைச் சுங்கம் ஏற்பதில்லை.

சுங்கத்தின் பெயரால் நடக்கும் மோசடியை இங்கே சொல்லாமல் விட மனம் இடந்தரவில்லை, ஏனெனில் அதில் பணத்தோடு முதியவர்களின் நிம்மதியும் போய்விடுகிறது. ‘உங்கள் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த பார்சல் வந்திருக்கிறது, தீர்வையை இந்தக் கணக்கில் உடனே செலுத்துங்கள்’ என்றோ, ‘உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, இந்த வீடியோ அழைப்பை விட்டு நகராதீர்கள்’ என்றோ பேசுபவர் எவரும் சுங்க அதிகாரியல்லர். தனியார் வங்கிக் கணக்கிலோ கைப்பேசிச் செயலி எண்ணிலோ தீர்வை வசூலிக்கும் வழக்கம் சுங்கத்துக்கு இல்லை. 2019 நவம்பர் 8 முதல், வாரியத்தின் அலுவலகங்கள் அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது; அந்த எண்ணை வாரியத்தின் தளத்தில் இட்டால் கடிதம் மெய்யா பொய்யா என்பது விளங்கும். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகே ஒட்டிவையுங்கள்.

வியாபாரிகளுக்கு இங்கே சில வார்த்தைகள் போதும். அவர்களுக்கென்று அடுத்த அத்தியாயம் இருக்கிறது. குறியீட்டு எண், வங்கிப் பதிவு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு, கம்பியில்லாக் கருவியாயின் அதற்குரிய அங்கீகாரம், மின்னணுக் கழிவு விதிகளின் கீழ்ப் பதிவு ஆகிய அனைத்தும் முடிந்தபின்பே அயல்நாட்டு வியாபாரிக்கு முன்பணம் அனுப்ப வேண்டும். பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருமுன்பே கிளியரிங் ஏஜெண்ட் மூலம் தாக்கல் செய்துவிட வேண்டும்; தாமதமானால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் அதன்பின் 10,000 ரூபாயும் கட்டணம் ஏறும். ஏஜெண்ட் உரிமம் பெற்றவர்தானா என்பதை அவருடைய உரிம எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சில வேளை அதிகாரியின் மதிப்பீடு நமக்கு நியாயமற்றதாகத் தோன்றலாம். அப்போது கிடங்கு மேசையின் முன் நின்று குரலை உயர்த்துவதால் பயன் இல்லை. பொருளும் கிடங்கிலேயே கிடந்து வாடகை ஏறும். பொருள் இறங்கி முப்பது நாளுக்குள் விடுவிக்கப்படாவிட்டால், அறிவிப்புக் கொடுத்து அதை விற்றுவிடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே, ஆட்சேபத்தோடு செலுத்துவதாக எழுதிக் கொடுத்துத் தீர்வையைக் கட்டிப் பொருளை எடுத்துவிட்டு, காரணங்கள் கூறும் எழுத்துமூல உத்தரவைக் கேட்டுப் பெற வேண்டும். அவ்வுத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் சுங்க ஆணையர் (மேல்முறையீடு) அவர்களிடம் முறையிடலாம். உத்தரவில் அச்சிட்ட தேதி வேறு, அது உங்கள் கைக்கு வந்த தேதி வேறு. தபால்காரர் கொடுத்த உறையைக் கிழித்தெறியாமல், அதன்மேல் வந்த தேதியைக் குறித்து, ரசீதோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.